பதினேழாம் படம்

மலை முகாம்
3ஆம் தேதி, ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் எழுதிய கடிதம் என் கைக்கு வந்து பதினோரு மாதங்களும் சில நாட்களும் ஆகின்றன. பதில் எழுதக் காலம் தாழ்த்தியமைக்கு வருந்துகிறேன். வேலைப்பளு என்று காரணம் சொல்லலாம். ஆனால் தங்கள் மருந்துக்கடைக்கும் என் சைக்கிள் கடைக்கும் இடையே நான்கே கட்டடங்கள் இருப்பதால் அந்தக் காரணம் எடுபடாது என்பதை அறிவேன்.

நம் ஊரிலிருந்து இவ்வாண்டும் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தோம். மற்ற ஊர்க்காரர்களையும் சேர்த்து முப்பத்தெட்டு சைக்கிள்கள் கொட்டகையில் நிற்கின்றன. அதே தகரக் கூரை, அதே இரண்டடுக்குக் கட்டில்கள். தாங்கள் வழக்கமாகப் படுக்கும் கீழ்க்கட்டிலில் என் கருவிப்பெட்டியை வைத்திருக்கிறேன். வேறு யாரும் அதைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தேன் என்று எண்ண வேண்டாம். பெட்டி கனமானது, மேலே ஏற்ற முடியவில்லை.

சைக்கிள் தாவுமேடுகள் மூன்றையும் நம் மண்வெட்டி ஒரு வாரம் முன்பே வந்து செப்பனிட்டிருக்கிறார். (மண் வேலை முழுவதையும் தலைமேல் போட்டுக்கொள்வதால் அவருக்கு அப்பெயர் வந்தது தாங்கள் அறிந்ததே.) சிறுமேடும் நடுமேடும் பழையபடியே உள்ளன. பெருமேட்டுக்கும் அதன் இறங்குசரிவுக்கும் நடுவேயுள்ள பள்ளம் பதினான்கு அடியாக அகன்றிருக்கிறது. நாளை முதல் புதன் வரை பயிற்சி. வியாழன் தாவும் போட்டி. அடுத்த ஞாயிறு, பத்தாம் தேதி, மலைப்பாதைப் பந்தயம். குழுவுக்கு மூவர், ஒருவர் பின் ஒருவராக ஆளுக்கொரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் பெருமேட்டைத் தாவியே ஆக வேண்டும்.

எங்கள் குழுவில் நான், மண்வெட்டி, மூன்றாவதாகத் தாங்கள். தங்கள் பெயரை இன்று காலை நானே பதிவு செய்துவிட்டேன். சென்ற ஆண்டு நடந்ததை மறக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். பயம் என்பது மனித இயல்பு. அதற்காக ஒருவரை வாழ்நாள் முழுவதும் ஒதுக்கிவைப்பது என் வழக்கமன்று.

இங்கே கைப்பேசி வேலை செய்யாது. தண்ணீர் லாரி ஓட்டுநர் நாள்தோறும் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறார். கடிதங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார். "ஒரே தெருவுல இருக்கீங்க, இருபது கிலோமீட்டர் மலையேறி வந்து லெட்டர் போடுறீங்களே, நல்லாருக்குக்கா" என்றார்.

தங்கள் சம்மதத்தை எதிர்நோக்கும்,
அண்ணி


மருந்துக்கடை
5ஆம் தேதி, செவ்வாய்

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மாத்திரை அட்டையோடு வருமே, பக்கவிளைவுகள் பற்றிய காகிதம், அதைப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தேன். நான்காவது பத்தியில்தான் விஷம் இருந்தது.

மறக்க ஆயத்தமாக இருக்கிறீர்கள். நல்லது. நான் ஆயத்தமாக இல்லை. உங்களுக்கு ஞாபகம் குறைந்திருந்தால் எழுதிவைக்கிறேன்.

போன வருடம் என் சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்து போனது. முகாம்காரர்கள் ஒரு சிவப்பு சைக்கிளை இரவல் கொடுத்தார்கள். நீங்கள் நட்டு நட்டாக முறுக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, போ" என்றீர்கள். நான் போனேன். மேட்டின் விளிம்புக்கு முன்னால் வேகம் கொஞ்சம் கூடுதல் என்று தோன்றியது. ஒன்பது வருடமாகச் செய்வதைத்தான் செய்தேன். வலது கை, நடுவிரல், பின் பிரேக்கில் ஒரே ஒரு தொடுதல். முன்சக்கரம் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை.

தரையில் கிடந்தபடி சொன்னேன்: "அண்ணி, நான் பின் பிரேக்கைத்தான் தொட்டேன். முன்னாடி புடிச்சிருச்சு." நீங்கள் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்தீர்கள். "பிரேக்ல ஒரு குறையும் இல்ல. பயந்துபோய் ரெண்டையும் சேத்துப் புடிச்சிருக்கா." அதை என்னிடம் சொல்லவில்லை. சுற்றி நின்ற எல்லோரிடமும் சொன்னீர்கள். அப்போது என் தோள்பட்டை எலும்பு இரண்டாக இருந்தது.

அன்றிலிருந்து நம் ஆட்கள் மருந்து வாங்க வந்தால் தலைவலி மாத்திரையை மட்டும் கேட்கிறார்கள். சைக்கிள் பேச்சு எடுப்பதில்லை. பாவம் பார்க்கிறார்களாம்.

நான் போன வருடம் எழுதிய கடிதத்தில் கேட்டது ஒன்றுதான். இப்போதும் அதேதான். "அவள் பயப்படவில்லை" என்று உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வரி. அவ்வளவே. ஆனால் நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் ஆயிற்றே. ஆகவே என் பெயரை அடித்துவிடுங்கள். கேட்காமல் எழுதிய பெயர், கேட்டதும் அடிபடட்டும்.

அண்ணன் கடையையும் பார்த்து, உங்களுக்கும் எனக்கும் சமாதானமும் பேசி இளைத்துவிட்டான். "உங்க ரெண்டு பேர் நடுவுல நான் ஸ்டாண்டு இல்லாத சைக்கிள் மாதிரி நிக்கிறேன்" என்கிறான். சாய்த்துவைக்கச் சுவர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது பெயர்

பி.கு. அது தாவுமேடு இல்லை அண்ணி, ஜம்ப். நீங்கள் ஒருவர்தான் அப்படிச் சொல்கிறீர்கள்.


மலை முகாம்
6ஆம் தேதி, புதன் மாலை

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்தில் சினம் தெரிந்தது. கருத்தில் நியாயம் தெரியவில்லை.

தாங்கள் கேட்கும் ஒரு வரியை என்னால் எழுத இயலாது. நான் பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். பழைய காகிதக் கடையில் கட்டோடு கிடந்த ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதிலுள்ள மொழி புரியாமல், படங்களை மட்டும் பார்த்து இந்தத் தொழிலைக் கற்றவள். பதினாறு ஆண்டுகளாக நம் ஊரில் என் கை படாத சைக்கிள் இல்லை. புது சைக்கிள் பெட்டியைப் பிரித்தால்கூட முதலில் பிரேக் கம்பிகளை நான் மாற்றிப் பூட்டிய பிறகே உரியவரிடம் கொடுப்பேன். தொழிற்சாலையில் அலட்சியமாகப் பூட்டி அனுப்புகிறார்கள். புத்தகத்தின் பதினேழாம் படத்தில் இருப்பதுபோல் பூட்டினால்தான் எனக்கு மனம் ஆறும். அப்படிப்பட்ட நான், குறையில்லாத பிரேக்கில் குறை என்று எழுதினால் அது பொய்யாகும். பொய் எழுத என் பேனா பழகவில்லை.

தங்கள் பெயரையும் அடிக்கவில்லை. பட்டியல் சனிக்கிழமை நண்பகல் வரை திறந்திருக்கும். மூன்றாவது ஆள் இல்லையேல் எங்கள் குழு பந்தயத்தில் இல்லை. மண்வெட்டி ஒரு வாரம் வெட்டிய மேட்டை அவரே தாவ முடியாமல் வேடிக்கை பார்க்க நேரும்.

இங்குள்ள செய்தி: மூன்று நாட்களும் காலை ஆறு மணிக்கே மேட்டில் நின்றோம். முதல் நாள் நடுமேட்டோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் நாள் பெருமேட்டின் விளிம்பு வரை போய் ஏழு முறை திரும்பினேன். எட்டாவது முறை திரும்பவில்லை. காற்றில் இருந்த நேரம் ஒரு தும்மலை விடக் குறைவுதான். ஆயினும் கீழே இறங்கியபோது என் இரண்டு சக்கரங்களும் ஒரே சமயத்தில் சரிவைத் தொட்டன. நாற்பத்து மூன்று வயதில் அதுவும் ஒரு கல்விதான். மண்வெட்டி, "அக்கா, கண்ணத் தொறந்துக்கிட்டுத்தானே குதிச்சீங்க?" என்று கேட்டார். பாதித் தூரம் திறந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் வேற்றூரிலிருந்து முதன்முறையாக வந்திருக்கும் பல் டாக்டர் அம்மாள் தங்கியிருக்கிறார். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்க்கிறார், மற்றபடி நல்லவர். இன்று அவருடைய சைக்கிளின் பின்பக்கக் கியர் கல்லில் மோதி வளைந்துவிட்டது. ஒருவர் சைக்கிளில் மற்றவர் ஏறுவதில்லை என்னும் நம் கூட்டத்தின் வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். அவர் அறியவில்லை, நாளை மாலை போட்டி முடிந்ததும் என்னுடையதை இரவல் கேட்டிருக்கிறார். சரி என்றுவிட்டேன்.

முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்று நம்பும்,
அண்ணி


மருந்துக்கடை
7ஆம் தேதி, வியாழன்

அண்ணிக்கு,

இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நேற்றுக் காலை கடை திறப்பதற்கு முன்னால் சைக்கிள்மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். அண்ணன் காற்றடித்துக் கொடுத்தான். கிடங்குக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறதே, முழங்கால் உயரம்கூட வராது, குழந்தைகள் மூன்று சக்கர வண்டியில் இறங்குவார்கள், அதற்குப் போனேன். நான்கு முறை. நான்கு முறையும் என் இரண்டு கைகளும் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நீங்கள் சொன்னபடியே. பயந்துபோய், இரண்டையும் சேர்த்து.

அப்போதுதான் தெரிந்தது அண்ணி, உங்களிடம் மட்டும்தான் நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன். என் கை எப்போதோ உங்களை நம்பிவிட்டது. அன்று மேட்டில் நான் பயப்படவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்திருந்தது. பதினோரு மாதம் எல்லோரும் ஒன்றைச் சொன்னால் தெரிந்ததும் கரைந்துவிடுகிறது. இன்று கேட்டால், ஒருவேளை இரண்டையும்தான் பிடித்தேனோ என்னவோ.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பெயரை அடியுங்கள். மண்வெட்டி அண்ணனிடம் மன்னிப்பு கேட்டதாகச் சொல்லுங்கள்.

இனி எழுத மாட்டேன். கடையில் ஆள் நிற்கிறது.


மலை முகாம்
8ஆம் தேதி, வெள்ளி மாலை

அன்புள்ள வெட்டுக்கிளிக்கு,

நம் கூட்டம் உனக்கு வைத்த பெயரால் அழைக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. மரியாதைப் பன்மையில் இந்தக் கடிதத்தை எழுத முயன்று மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். உள்ளங்கையில் தோல் போயிருக்கிறது. காரணம் கீழே வரும்.

நேற்று மாலை டாக்டர் என் சைக்கிளில் சிறுமேட்டைத் தாவினார். நன்றாகவே தாவினார். இறங்கிய பின் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பின்சக்கரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு இழுபட, நேரே புதருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட ஓடினோம். எல்லோருடைய வாயையும் பார்ப்பவரின் வாயில் இலை இருந்தது. அதைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"உங்க ஊர்ல எல்லாரும் முன் பிரேக்க இடக்கையிலதான் வெப்பீங்களா?"

"உலகமே அப்படித்தானே டாக்டர்" என்றேன்.

"எந்த உலகம்?"

வெட்டுக்கிளி, நான் சிரித்தேன். படித்தவர்களுக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துத்தான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் அவருடைய சைக்கிளைக் காட்டினார். அவருக்கு அடுத்த கட்டில்காரருடையதைக் காட்டினார். அதற்கும் அடுத்ததை நானே பார்த்தேன். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். முன் பிரேக் வலப்பக்கம் இருந்தால் இருக்கையில் ஒரு கோடு, இடப்பக்கம் இருந்தால் இரண்டு கோடு. முப்பத்தெட்டில் இருபத்தாறுக்கு ஒற்றைக் கோடு. இரட்டைக் கோடு போட்டவை பன்னிரண்டு. பன்னிரண்டும் நம் ஊர் சைக்கிள்கள். பன்னிரண்டும் நான் பூட்டியவை.

அப்போதும் நான் தோற்கவில்லை என்றே எண்ணினேன். என் புத்தகம் பெட்டியில் இருந்தது. பதினேழாம் படத்தைத் திறந்து டாக்டரிடம் நீட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "அக்கா, இது முன்னால நின்னு பாத்து வரைஞ்ச படம். விளக்கு எந்தப் பக்கம் பாக்குது பாருங்க" என்றார்.

விளக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறு ஆண்டுகளாக என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. படத்தில் என் இடக்கைப் பக்கம் இருப்பது ஓட்டுபவரின் வலக்கை. நான் அந்தப் படத்துக்கு எதிரே நின்றே எல்லாவற்றையும் கற்றேன். ஒருநாளும் மனத்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை. தாளின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாக இருந்தது.

தொழிற்சாலைக்காரர்கள் அலட்சியமாகப் பூட்டவில்லை. நான்தான் ஊர் முழுவதையும் தலைகீழாகப் பூட்டிவிட்டு, அதற்கு நேர்த்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லோரும் நான் பூட்டிய சைக்கிளிலேயே ஓட்டக் கற்றதாலும், ஒருவர் சைக்கிளில் மற்றவர் ஏறாததாலும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உனக்கு மட்டும் ஆயிற்று.

முகாம்காரர்களின் அந்தச் சிவப்பு சைக்கிள் இன்னும் கொட்டகையின் மூலையில் நிற்கிறது. அதற்கு ஒற்றைக் கோடு. சென்ற ஆண்டு அதன் நட்டுகளை முறுக்கினேன். எந்தப் பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பார்க்கவில்லை. அவர்கள் ஊர் மெக்கானிக்கும் என்னைப் போலவே மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். நீ விழுந்த பிறகு இரண்டையும் அழுத்தினேன், இரண்டும் பிடித்தன. எது எதைப் பிடித்தது என்று அப்போதும் பார்க்கவில்லை.

இன்று காலை அதை வெளியே எடுத்தேன். மண்வெட்டி, "வேணாங்க்கா, கோடு போட்டுப் பாத்தாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். விடச் சொன்னேன். நடுமேட்டை நோக்கி உன் வேகத்தில் ஓட்டினேன். விளிம்புக்கு முன்னால், புல் இருக்கும் இடத்தில், வலக்கை நடுவிரலால் ஒரே ஒரு முறை தொட்டேன். நீ எழுதியது அத்தனையும் உண்மை. முன்சக்கரம் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை.

உன்னைப் போல் எலும்பு முறியவில்லை. உள்ளங்கையும் தாடையும் சிராய்ந்தன. புல்லில் கிடந்தபடி யோசித்தேன். நான் எதிர்பார்த்தே தொட்டேன், அப்படியும் விழுந்தேன். நீயோ எதிர்பாராமல் தொட்டாய். விழுந்த பின்னும் என்ன நடந்தது என்று சரியாகச் சொன்னாய். பயந்தவளுக்கு எந்த விரலால் எதைத் தொட்டோம் என்று நினைவிருக்குமா? அந்த இடத்தில் உண்மையைக் கண்டு பயந்தவள் ஒருத்திதான். அவள் சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

மதிய உணவின்போது பெஞ்சின்மேல் ஏறி நின்று எல்லோரிடமும் சொன்னேன். நீளமாகத்தான் சொன்னேன், என்னால் சுருக்கமாகப் பேச முடியாது என்று உனக்குத் தெரியும். முடித்ததும் மண்வெட்டி மெதுவாக, "பதினோரு மாசமா அந்தப் புள்ளயப் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுட்டு இருந்தோமேக்கா" என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "அப்போ என் வண்டி?" என்றதும் நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் சோற்றை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார்கள். பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பழகிய கையை மாற்றுவது ஆபத்து. ஆகவே எதையும் மாற்றவில்லை. பன்னிரண்டு சைக்கிளிலும் முன் பிரேக் பிடியில் சிவப்பு மை பூசியிருக்கிறேன். ஊர் திரும்பியதும் கடை வாசலில் பலகை வைத்து, ஒவ்வொருவரையும் கேட்டு, அவரவர் விருப்பப்படி பூட்டிக் கொடுப்பேன். எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். உன் அண்ணன்தான் பலகைக்கு வண்ணமடிக்க வேண்டும். இனி அவர் யாருக்கும் நடுவில் நிற்க வேண்டாம். என் பக்கத்தில் நின்றால் போதும்.

நீ கேட்ட வரியைத் தனித்தாளில் எழுதி, முகாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அதன் படி இந்த உறைக்குள் இருக்கிறது. "அவள் பயப்படவில்லை. பிழை என்னுடையது." கையொப்பமும் தேதியும் உண்டு. முத்து முத்தாக இல்லை, கை எரிந்தது. முயலுக்கு நான்கு கால்தான், வெட்டுக்கிளி. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

உன் பெயரையும் அடித்துவிட்டேன். கேட்காமல் எழுதியது என் தவறு. பட்டியலில் மூன்றாம் வரி இப்போது வெறுமையாக இருக்கிறது. நாளை நண்பகல் வரை அதில் வேறு யாரும் எழுத மாட்டார்கள். டாக்டர் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். நீ எழுதாவிட்டால் ஞாயிறன்று நானும் மண்வெட்டியும் பாதையோரம் நின்று கைதட்டுவோம். அதற்காக ஒருவரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் பெஞ்சின்மேல் மீண்டும் ஏறுவேன்.

உன் கைகள் இரண்டு பிரேக்கையும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். அவை உன்னை நம்பாமல் போனதற்குக் காரணம் நான். அவற்றுக்குப் பதினோரு மாதம் தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சரியாகச் சொல்ல ஒரு நாள் போதுமா என்று எனக்குத் தெரியாது. முதலில் கிடங்குச் சரிவைவிடச் சிறிய மேடு ஒன்றை மண்வெட்டி இப்போதே வெட்டத் தொடங்கிவிட்டார். "முழங்காலுக்குக் கீழதானே? அரை மணி நேரத்து வேலைக்கா" என்கிறார். வெளியே மண் விழும் சத்தம் கேட்கிறது.

லாரி ஓட்டுநர் நாளை காலை ஏழு மணிக்கு உன் கடை வாசலில் நிற்பார். லாரியின் பின்னால் ஒரு சைக்கிளைக் கட்ட இடமிருக்கிறது, அவரே சொன்னார். நீ வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இந்தப் பதினாறு ஆண்டுகளில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி இது.

உன் சைக்கிளின் முன் பிரேக் எந்தக் கையில் இருக்க வேண்டும்?

உடனே பதில் எழுது.

அண்ணி